அத்தாவின் காலை அடக்கம் செய்த ஞாயிறு

என் அத்தாவை இரண்டு முறை அடக்கம் செய்தோம். இரண்டுக்கும் இடையில் பதினோரு ஆண்டுகள். முதல் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். இரண்டாவதற்குப் போகவில்லை.

தந்தையை அத்தா என்று அழைக்கும் திண்டுக்கல் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. பேகம்பூரில் அத்தாவும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு தோல்மண்டி நடத்தினார்கள். தம்பி எனக்குச் சின்னத்தா. ஊரிலுள்ள கறிக்கடைகளிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் ஆட்டுத்தோல் மண்டிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் கறி என்பதால் அன்று மதியம் மண்டியில் கால் வைக்க இடமிருக்காது. ஈரத்தோலைச் சதைப்பக்கம் மேலே வரும்படி தரையில் விரித்து, உப்பை அள்ளித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வெயில் காலத்தில் நான்கு மணி நேரம் தாமதித்தால் தோல் கெட்டுவிடும். சாதாரணத் தோலுக்குக் கல் உப்பு. முதல் ரகத்துக்கு மட்டும் பொடி உப்பு.

ரகம் பிரிப்பது அத்தாவின் வேலை. முதலில் மோந்து பார்ப்பார். பிறகு வயிற்றோரமாக மயிரை இரண்டு விரலால் கிள்ளி இழுப்பார். மயிர் கையோடு வந்தால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வராமல் நின்றால் நல்ல தோல். ஓரத்தில் மட்டும் கெட்டிருந்தால், மயிர் நிற்கிற இடம்வரை கிள்ளிக்கொண்டே போய், அதற்கு வெளியே இருப்பதைக் கத்தியால் அரிந்து எறிந்துவிட்டு, மீதிக்கு உப்புப் போடச் சொல்வார். அரிந்ததைத் திரும்பிப் பார்க்க மாட்டார்.

மனிதர்களையும் அவர் தோல் கணக்கில்தான் பேசுவார். வெயிலில் அலைகிற வேடசந்தூர் ஆட்டுக்கு முள் கீறல் இருக்கும், ஆனால் தோல் கெட்டி. மலையடிவாரத்தில் மேய்கிற கன்னிவாடி ஆடு பார்க்க மினுமினுப்பு, திருப்பிப் பார்த்தால் உண்ணி கடித்த தழும்பு என்பது அவர் அனுபவம். அவர் பிறந்தது வேடசந்தூர். அம்மா பிறந்தது கன்னிவாடி. மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இந்தப் பேச்சு ஆகாது. ஆட்டுக்கு இருப்பது தோல், மனிதருக்கு இருப்பது மேனி. ஆடு செத்துப்போகும், மனிதர் மவுத்தாவார். அம்மா இதைப் பாடமாக எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் மாற்றிச் சொன்னபோதெல்லாம் தொடையில் கிள்ளினார், அவ்வளவுதான். அத்தா மண்டியிலிருந்து வந்தால் கொல்லை வழியாக நுழைந்து, குளித்து, வேறு கைலி மாற்றிய பிறகுதான் அம்மா அவரோடு பேசுவார். படைப்புகளிலேயே மனிதனைத்தான் அல்லாஹ் சிறப்பாகப் படைத்திருக்கிறான் என்பார். அத்தா தலையைத் துவட்டிக்கொண்டே, “அந்த ஆட்டை வித்துத்தான் இந்தச் சிறப்பு சாப்புடுது” என்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தாவின் வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. வந்திறங்கிய தோலோடு ஒட்டிக்கொண்டு வந்த முள். மண்டித் தரை எப்போதும் உப்புநீரில் ஊறிக் கிடப்பதால் யாரும் செருப்புப் போடுவதில்லை. அத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்துபோயிருந்ததால் முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் கறுத்திருந்தது. ஒரு புதன்கிழமை அவரைத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள்.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளவு விட்டுவிட்டுக் காலை எடுக்க வேண்டும். எடுத்தால் ஆள் பிழைப்பார். ஒரு வாரம் தள்ளினால் எதற்கும் தான் பொறுப்பில்லை.

“காலோட வந்தேன், காலோடயே போறேன்” என்றார் அத்தா.

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளும் இதையேதான் சொன்னார். அம்மா அழுதார். பள்ளிவாசல் இமாம் வந்து, உயிரைக் காப்பது கடமை என்று எடுத்துச் சொன்னார். சின்னத்தா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தா யாரையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். கட்டு மாற்ற நர்ஸ் வரும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஆட்டுக் கூட்டத்தில் சேர்த்து ரகம் பிரித்தவர், அந்த மூன்று நாளும் தன்னுடைய காலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அம்மா மனிதருக்கும் ஆட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருந்தார் என்றால், அத்தாவும் ஒன்று போட்டு வைத்திருந்தார். அவருடைய கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் இருந்தார்கள். இந்தப் பக்கம் அவர் ஒருவர் மட்டும். இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அறையில் ஒரு வாடை இருக்கிறது, அது மண்டியில் கழித்துப்போட்ட தோலின் வாடை என்பதுதான். எனக்கே தெரிந்தது அவர் மூக்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சனிக்கிழமை காலை அம்மா தொழப் போயிருந்தார். சின்னத்தா டீ வாங்கி வந்திருந்தார். நான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாலூட்டிகள் என்று ஒரு பக்கம். பசு, ஆடு, வௌவால், திமிங்கலம், கடைசிப் படம் சட்டை போட்ட ஒரு பையன்.

“அத்தா, நாமளும் பாலூட்டியாம்.”

“யாரு சொன்னா?”

“புக்குல போட்டுருக்கு. ஆட்டுக்குப் பக்கத்துல.”

அத்தா புத்தகத்தை வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். “உங்கம்மாகிட்டக் காட்டிராத, தாயி” என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு சின்னத்தாவைப் பார்த்து, “ஏலே, அந்தச் சன்னலைத் தொற. கண்ணாடியை எடு” என்றார்.

நர்ஸ் வந்து கட்டைப் பிரித்தபோது அத்தா முகத்தைத் திருப்பவில்லை. எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குனிந்து, வெளிச்சத்தில் காலைப் பார்த்தார். நர்ஸ் ஏதோ சொல்ல வந்தார், சின்னத்தா கையமர்த்தினார். அத்தா கணுக்காலுக்கு மேலே இரண்டு விரலால் மயிரைக் கிள்ளினார். வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மேலே கிள்ளினார். வந்தது. கெண்டைச் சதையில் கிள்ளினார். வந்தது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கிள்ளியபோது தோல்தான் எழும்பியது, மயிர் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்தார். விரலுக்கும் முழங்காலுக்கும் நடுவே நான்கு விரல் அளவு இருந்தது.

“டாக்டர் சரியாத்தான் சொல்லிருக்கான்” என்றார். “இதுக்குக் கீழ கழிவு.”

சின்னத்தா எனக்கு ஊற்றிய டீயைக் கட்டிலோர ஸ்டூலில் வைத்தார்.

அத்தா என் பக்கம் திரும்பினார். அதே இரண்டு விரலால் என் நெற்றியோரத்து முடியைக் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். உயிர் போகிற மாதிரி வலித்தது. “ஆவ்! வலிக்குது அத்தா!” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் கையை விரித்துப் பார்த்தார். ஒரு முடிகூட இல்லை. அந்த நான்கு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எனக்குக் கோபம். டீயில் பாதியைக் குடித்த பிறகுதான் அவரோடு பேசினேன்.

காத்திருக்க நேரமில்லை என்று ஞாயிறு காலையே காலை எடுத்துவிட்டார்கள். அறுவை முடிந்தது, ஆள் நன்றாக இருக்கிறார் என்று பதினொரு மணிக்கு வந்து சொன்னார்கள். கூடவே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தடித்த நெகிழிப் பையில் கட்டிய பொட்டலம் ஒன்றைச் சின்னத்தாவிடம் கொடுத்தார்கள். எடுத்த உறுப்பை எங்கள் வழக்கப்படி மண்ணில் அடக்க வேண்டும். அதைக் குப்பையில் விடுவதில்லை. அம்மா முதல் நாளே தயாராக இருந்தார். வெள்ளைக் கபன் துணி, ஒரு சின்னக் குப்பி அத்தர், கற்பூரம்.

“குளுப்பாட்டி, அத்தர் பூசி, கபன்ல சுத்தி, முறையா வைங்க, கொழுந்தனாரே” என்றார். “இம்புட்டு வருசம் அவரைச் சொமந்த காலு.”

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சின்னத்தா மொபெட்டின் முன்பக்கம், வழக்கமாக உப்பு மூட்டை வைக்கும் இடத்தில் பொட்டலத்தை வைத்தார். பின்னால் நான் ஏறிக்கொண்டேன்.

பள்ளிவாசலில் மோதினார் இல்லை. பாங்கு சொல்வதும் கபரடக்க வேலைகளைப் பார்ப்பதும் அவர்தான். ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், அசர் தொழுகைக்கு வந்துவிடுவார் என்றார்கள். அதற்கு இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. சித்திரை வெயில். பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; ஆஸ்பத்திரிக்குத் திருப்பியும் கொண்டுபோக முடியாது. சின்னத்தா மொபெட்டில் உட்கார்ந்தபடியே சிறிது நேரம் யோசித்தார். பிறகு கால் போன வழியில்தான் வண்டியும் போயிற்று. மண்டிக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே தோல் குவிந்து கிடந்தது. வேலையாட்கள் தலை நிமிராமல் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பாய், தனியா ஒரு உருப்படி?” என்று கேட்டார்.

“இது நம்மாளு” என்றார் சின்னத்தா. கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளறையில் சின்னத்தா பொட்டலத்தைக் கீழே வைத்தார். நெகிழிப் பையைப் பிரித்தார். அத்தாவின் கால் சாம்பல் பூத்த நிறத்தில், நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. பெருவிரல் நகத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் வெள்ளிக்கிழமை நறுக்கிய அடையாளம். சின்னத்தா கதவோரம் போய், ஒரு முறத்தில் உப்பு அள்ளிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். வெட்டிய இடத்தில் தொடங்கி விரல்வரை, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, ஒரு இடுக்கு விடாமல் உப்புத் தேய்த்தார். அவர் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. இருபது வருடமாகச் செய்கிற வேலையைக் கை தானாகச் செய்தது. முடித்துவிட்டுக் கபன் துணியில் சுற்றிக் கட்டினார். அத்தரையும் கற்பூரத்தையும் மறந்துவிட்டார். எனக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. கெடக்கூடாததற்கு உப்புப் போடுகிறார்கள். மண்டியில் வளர்ந்த பிள்ளைக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒன்று மட்டும் கவனித்தேன். முறத்தில் இருந்தது பொடி உப்பு.

அசருக்குப் பிறகு கபரஸ்தானுக்குப் போனோம். பெண்கள் அங்கே போவதில்லை. “சின்னப் பிள்ளதான, நிக்கட்டும்” என்றார் மோதினார். சுவரோரம் ஒரு வேப்பமரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தது.

“தொழுகை உண்டா?” என்று சின்னத்தா கேட்டார்.

“ஆளு உசுரோட இருக்காருல்ல? தொழுகையும் இல்ல, குளுப்பாட்டுறதும் இல்ல. அப்படியே வையி.”

“எந்தப் பக்கமா வைக்க? கிப்லாவப் பாத்தா?”

“காலுக்கு ஏது பாய் கிப்லா? மொகம் இருந்தாத்தான திருப்ப?”

சின்னத்தா குனிந்து பொட்டலத்தை இறக்கியபோது துணியின் மடிப்பிலிருந்து பொலபொலவென்று உப்புக் கொட்டியது. மோதினார் ஒரு விரலால் அதைத் தொட்டார். நாக்கில் வைக்கவில்லை, வைத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

“என்ன பாய் இது?”

சின்னத்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“உப்புப் போட்டா வச்சிருக்கீக? ஏன், ஏத்துமதி பண்ணவா? இப்படி வச்சா மண்ணு எப்படித் திங்கும்? கியாமத் நாள் வரைக்கும் இப்படியேல்ல கெடக்கும்!”

“வெயிலு… கை தன்னால போயிருச்சு மோதினாரே…”

“எடுங்க வெளிய. எடுங்க. கழுவணும்.”

கபரஸ்தான் குழாயில் சின்னத்தா குடம் பிடித்தார். மோதினார் துணியைப் பிரித்துக் காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். நிறைகுடத்தைச் சிந்தாமல் சாய்க்க மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். இருந்தது நான்தான். சின்னத்தா குடத்தின் அடியைத் தாங்கிக்கொள்ள, நான் வாயைப் பிடித்துச் சாய்த்தேன். முதல் குடத்தில் உப்பு கரைந்து ஓடியது. இரண்டாவது குடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. போதும் என்று நான் நினைத்தேன். மோதினார், “இன்னொண்ணு” என்றார். மூன்றாவது குடம் வருவதற்குள், காலை உதறிய துணிமேல் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். வாய்க்குள் ஏதோ ஓதினார். அதன் பிறகு சின்னத்தாவுக்கு அத்தர் ஞாபகம் வந்தது.

மண்ணைத் தள்ளி மூடியதும் நான் ஒரு கேள்வி கேட்டேன். அறுத்த ஆடு ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போவதில்லை. தோல் ஓரிடம், கறி ஓரிடம், கால் ஓரிடம். அந்தக் கணக்கில் கேட்டேன். “மிச்சத்தையும் இங்கதான் வைப்பாகளா?”

சின்னத்தா குடத்தைக் கவிழ்த்து வைத்தார். மோதினார்தான் பதில் சொன்னார். “வைப்போம் தாயி. ஆனா இப்ப இல்ல. இப்ப இல்லைன்னு ஆக்கத்தான இத வச்சிருக்கோம்.”

மறுநாள் காலை அத்தா தெளிவாக இருந்தார். “அடக்கிட்டியாலே?” என்றார்.

“அடக்கியாச்சுண்ணே.”

“மொறையாத்தான?”

சின்னத்தா தரையைப் பார்த்தார். “உப்புப் போட்டுட்டேண்ணே.”

“எதுக்கு?”

“காலுக்கு.”

அத்தா சிரிக்க ஆரம்பித்தார். தையல் இழுத்து வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. “கல்லுப்பா, பொடியாலே?”

“பொடி” என்றார் சின்னத்தா.

அத்தாவின் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பொடியை ஏன்டா வீணாக்குன” என்றார். “முள்ளுக் கீறல் விழுந்த உருப்படி. ரெண்டாம் ரகம்.”

அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். நானும் பின்னால் போனேன். அடி விழும் என்று தயாராகத்தான் போனேன். அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, “குளுப்பாட்டவே இல்லையா?” என்று கேட்டார்.

“குளுப்பாட்டுனோம்மா. நான்தான் தண்ணி ஊத்துனேன்.”

“எத்தன கொடம்?”

“மூணு.”

“மூணா?”

“மூணு. மோதினார்தான் மூணாவது ஊத்தச் சொன்னாரு.”

அம்மா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உப்பு கழுவியதற்கு எதற்கு இவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை. மவுத்தானவரின் மய்யித்தை மூன்று முறை நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. மனிதரைப் போல வழியனுப்ப வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டது, ஆட்டுத்தோலைப் போல உப்புப் போட்டதால் நடந்தேறியது. அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நடுவே நான் ஒரு குடத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன்.

அத்தா பொய்க்காலோடு மண்டிக்குத் திரும்பினார். இப்போது ரகம் பிரிக்கும் வரிசையில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது கபரஸ்தான் சுவருக்கு மேல் எட்டி வேப்பமரத்தைப் பார்ப்பார். “பஸ்ஸுல துண்டைப் போட்டு எடம் பிடிச்ச மாதிரி” என்பார். “சன்னலோரம் வேற.” அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கொல்லை வழியாக வரச் சொல்வதை மட்டும் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

பதினோரு ஆண்டு கழித்து ஒரு காலையில் அத்தா எழுந்திருக்கவில்லை. ஆண்கள் வந்து குளிப்பாட்டினார்கள், துணியால் மறைப்புக் கட்டி. ஆண்கள் தூக்கிப் போனார்கள். வேப்பமரத்தடியில், முன்பு வைத்ததற்குப் பக்கத்திலேயே வைத்ததாகச் சின்னத்தா வந்து சொன்னார். எனக்கு இருபது வயது, வாசலோடு நின்றுகொண்டேன். மகள் தகப்பனைக் குளிப்பாட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. என் பங்கை நான் ஒன்பது வயதிலேயே செய்துவிட்டேன் என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

குளிப்பாட்ட எடுக்குமுன் பெண்களைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். நான் அவர் கைப்பக்கம் உட்கார்ந்தேன். முன்கையில் நரைத்த மயிர். என் விரல்கள் தாமாகவே போய் அதைக் கிள்ளி இழுத்தன. வரவில்லை. கெட்டியாக நின்றது. ஆனால் அவர் கத்தவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலோரத்தில் என் முடியை இழுத்துவிட்டு அவர் கையை விரித்துப் பார்த்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று அவருக்கு வேண்டியிருந்தது முடி வராதது மட்டுமல்ல. நான் கத்திய கத்தலும்தான். ஒன்பது வயதில் நான் அதற்காக அவரோடு பாதி டீ நேரம் பேசாமல் இருந்தேன்.